இரண்டு முறை ஏமாறாதவர்

உட்காரும்மா. அவர் சலூனுக்குப் போயிருக்கிறார். பேப்பரில் போட்டோ வரும் என்று போனில் சொன்னாயாமே, அதற்காகத் தலைக்கு டை அடித்துக்கொண்டு வரப் போயிருக்கிறார். நீ சொன்ன நேரத்துக்கே வந்துவிடுவாய் என்று அவர் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

அதுவரைக்கும் என்னிடம் கேட்கிறாயா? கேளேன். "உங்கள் கணவர் இரண்டு முறை கடத்தல் மோசடிக் கும்பலிடம் ஏமாறாமல் தப்பித்ததைப் பற்றி ஒரு மனைவியாக என்ன நினைக்கிறீர்கள்?" ஒரு மனைவியாக. சரி. பேனா வைத்திருக்கிறாயா, அந்தப் போனிலேயே தட்டப் போகிறாயா? தட்டு. திருமதி இருதயராஜ் என்று போடாதே. எமில்டா. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். இந்த வீட்டில் அது ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். நடுவில் தலையாட்டிக்கொண்டே இருக்காதே, எனக்குப் பிடிக்காது.

எல்லாம் ஒரு ஜெர்மன் படத்தில் ஆரம்பித்தது. ஆமாம், ஜெர்மன்தான், சரியாகத்தான் காதில் விழுந்தது. இங்கே புத்தூரில் ஒரு ஃபிலிம் சொசைட்டி இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளிநாட்டுப் படம் ஒன்று போடுவார்கள். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் ரிட்டையர் ஆன ஆண்கள், ஃபேனுக்கு நேராக இடம் பிடித்துத் தூங்குகிறவர்கள். என்னைப் பெலிசிட்டாதான் இழுத்துக்கொண்டு போனாள். கான்வென்டில் என்னோடு படித்தவள். ஒரே பெஞ்சு, ஒரே சிஸ்டர், ஒரே அடி. ஆனாலும் அவளுக்கு சப்டைட்டிலை வேகமாகப் படிக்க வராது. நான் படித்துப் படித்து அவள் காதில் தமிழில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் நான்.

வீட்டில் சொல்லாமல் போனேன் என்று நினைக்காதே. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சினிமாவுக்குப் போகிறேன், சாப்பாடு மேஜைமேல் இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். காதில் வாங்கவில்லை என்றால் அது என் தப்பா?

படம் நல்ல படம். ஹாம்பர்க்கில் ஒரு மர வியாபாரி. கோடீஸ்வரன், ஆனால் மகா கஞ்சன், சட்டைக் காலர் நைந்து தொங்கும். நீச்சல் பழகப் போன அவன் பெண்டாட்டியை யாரோ காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். பணம் கேட்டுப் போன் வருகிறது. போலீஸ் வந்து உட்கார்ந்துகொண்டு, கொடுக்காதே, அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாது என்கிறது. இவன், அவளிடம் பேச வேண்டும் என்கிறான். அவர்கள் போனை அவள் வாய்க்கு நேராக வைக்கிறார்கள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. பயம். வெறும் மூச்சுதான் கேட்கிறது. இந்தப் பக்கம் அந்தக் கஞ்சன் அப்படியே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிடுகிறான். அவள்தான் என்கிறான். எப்படித் தெரியும் என்று போலீஸ்காரன் கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை. எழுந்துபோய், தாத்தா காலத்து மரவாடியை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று போன் போட ஆரம்பிக்கிறான்.

பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தர் அப்போது பார்த்து விழித்துக்கொண்டு, மூச்சை வைத்து எப்படி ஐயா கண்டுபிடிப்பது, காதில் பூ சுற்றுகிறான் என்றார். நான் திரும்பி, பேச வேண்டுமானால் வெளியே போய்ப் பேசுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ்தான் வரும். பெலிசிட்டா என் கையைக் கிள்ளினாள். "ஏண்டி, நம்ம வீட்டு ஆளுங்க இப்படி நம்மளைக் காப்பாத்த வருவாங்களா?"

சிரித்தோம். சிரித்தேனே தவிர, வருவார் என்றுதான் நினைத்தேன். அது உண்மை. முணுமுணுத்துக்கொண்டு வருவார், சட்டைப் பட்டனை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு வருவார், ஆனால் வருவார்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் இங்கே வீட்டில் போன் வந்திருக்கிறது. என் போன் அணைத்திருந்தது. சொசைட்டி செயலாளர் வாசலிலேயே நின்று ஒவ்வொருத்தர் போனையும் அணைக்க வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

அந்தப் போனில் என்ன பேசினார் என்பதை அவர் வாயாலேயே பல தடவை கேட்டாயிற்று. நீயும் கேட்கத்தான் போகிறாய், இருந்தாலும் நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவர் சொன்னால் மாலையாகிவிடும். ஒரு ஆண் குரல். உன் மனைவி எங்களிடம் இருக்கிறாள், ஐந்து லட்சம் அனுப்பு, போலீசுக்குப் போனால் அவளைப் பார்க்க மாட்டாய் என்கிறது. இவர், எந்த பேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும், அவளிடமே கேட்டுச் சொல்லுங்கள் என்றாராம். சிரிக்காதே. இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். கடத்தினவனிடம் போய், கடத்தப்பட்டவளிடம் கேட்டுச் சொல் என்கிற ஒரே ஆண்பிள்ளை உலகத்திலேயே இவராகத்தான் இருக்கும்.

உடனே ஒரு பெண் குரல் அழுதுகொண்டே வந்ததாம். "என்னங்க, நான்தாங்க, காப்பாத்துங்க." இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது, கவனித்தாயா? நம் ஊரில் எந்தப் பெண்டாட்டி புருஷனுக்குப் போன் செய்தாலும் என்னங்க, நான்தான் என்றுதானே ஆரம்பிப்பாள்? பெயரைச் சொல்லிக்கொள்வாளா? நானும் சொன்னதில்லை. அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இந்தா, இங்க பாரு, அவ்வளவுதான். அந்தக் கும்பலுக்கு எவ்வளவு சௌகரியம் பார். யார் பெயரும் தெரிய வேண்டாம், அழத் தெரிந்த ஒருத்தி இருந்தால் போதும்.

இவர் அந்த அழுகையைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "ராங் நம்பர்பா. இது என் பொண்டாட்டி இல்ல. அவ அழமாட்டா. அழ வைப்பா."

வைத்துவிட்டார்.

படம் முடிந்து நான் போனைத் திறந்தால் அவர் கூப்பிட்டது வரிசையாக நிற்கிறது. மோட்டாரை அணைக்கவா வேண்டாமா என்று கேட்பதற்காக இருக்கும். அதற்கும் நான்தான் வேண்டும் இந்த வீட்டில். திருப்பிக் கூப்பிடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஸ்டாப்பில் மனுஷன் நிற்கிறார். வீட்டு லுங்கி, காலில் ஒன்று அவர் செருப்பு, ஒன்று என்னுடையது. இங்கே என்ன செய்கிறீர்கள் என்றேன். பஜ்ஜி வாங்க வந்தேன் என்றார். பஜ்ஜிக் கடை இருப்பது அடுத்த தெருவில். இத்தனை வருஷமாக இந்த ஏரியாவில் இருக்கிறோம், எந்தக் கடை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. மெயின் ரோட்டில் லுங்கியோடு நிற்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று திட்டினேன். என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பஜ்ஜியும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் போன் கதையைச் சொன்னார். நானும் முதலில் சிரித்தேன், மறைப்பானேன். பெங்களூரில் இருக்கிற மகனுக்குச் சொன்னார், அவன் சிரிக்கிற பொம்மையாக அனுப்பினான். மாடி வீடு, கீழ் வீடு, எதிர் வீடு. அப்புறம் அபார்ட்மென்ட் சங்கத்தில் போலீஸை அழைத்து, போன் மோசடி பற்றி ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் ஷாமியானா, நாற்காலி, மைக். இன்ஸ்பெக்டரம்மா இவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இவர் மைக்கைப் பிடித்து முழுக் கதையையும் சொல்லி, கடைசியில், "சார், எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னா, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவ அழுது நான் பார்த்ததே இல்ல" என்றார். என்ன கைதட்டல். இன்ஸ்பெக்டரம்மா எழுந்து, மனைவியை இந்த அளவுக்குப் புரிந்துவைத்திருக்கிற கணவர் கிடைப்பது கஷ்டம் என்றார்கள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பல்லைக் காட்டினேன். வேறு என்ன செய்வது?

பார்த்ததே இல்லையாம்.

சிஸ்டர் அலோய்சியா என்று ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் எங்களுக்கு. வகுப்பில் எந்தப் பெண் அழுதாலும் வராந்தாவில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். முகம் காய்ந்த பிறகுதான் உள்ளே வரலாம். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். இரண்டு தடவை நின்றேன், அதோடு கற்றுக்கொண்டேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அழ வேண்டுமென்றால் பாத்ரூம் கதவைத் தாழ்போட்டுக் குழாயைத் திறந்துவிட்டுத்தான். மாமியார் சொன்னதற்கு அழுதேன். கருக்கலைந்ததற்கு அழுதேன். அம்மா போனபோது பெட்டிக்குப் பக்கத்தில் நான் ஒரு சொட்டு விடவில்லை, கல் நெஞ்சுக்காரி என்று இவர் அக்கா கல்லறை வாசலிலேயே பேசினாள். வீட்டுக்கு வந்து அந்த வாரம் முழுக்கக் குழாய் ஓடியது. இவர் என்ன செய்தார் தெரியுமா? பிளம்பரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். டேங்கில் தண்ணீர் நிற்கவே மாட்டேன் என்கிறது, எங்கேயோ ஒழுகுகிறது என்று. அந்த ஆள் மொட்டை மாடியிலிருந்து கீழே வரைக்கும் குழாயைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஒரே வீட்டில் இருக்கிற மனுஷனுக்குத் தெரிய வேண்டாமா? ஒரு நாள் அந்தக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் வெளியே வரும்போது முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டுதான் வருவேன், அது வேறு விஷயம். எல்லாவற்றையும் நாமே எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

கூட்டம் முடிந்து வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கும்பல் பொய். சரி. நிஜமாகவே என்னைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால்? கழுத்தில் கத்தி வைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அழுதுதான் இருப்பேன். யார்தான் அழ மாட்டார்கள்? அந்த அழுகையைக் கேட்டுத்தான் இவர் போனை வைத்திருப்பார். அடுத்த நாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன்: "நான் அழுதா என்ன பண்ணுவீங்க?" இவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நீ எதுக்கு அழப்போற?" என்றார். அவ்வளவுதான் பதில்.

இப்போது இரண்டாவது போனுக்கு வருகிறேன். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். உன்னிடம் என்ன சொன்னார்? அதே கும்பல், வேறு நம்பர், வேறு பெண் என்றாரா? இந்தத் தடவை வந்தவள் தேர்ந்த நடிகை, கொஞ்சம் ஏமாந்திருந்தால் நானே நம்பியிருப்பேன் என்றாரா? எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறார்.

அந்த நடிகை நான்தான்.

என்னம்மா, தட்டுவதை நிறுத்திவிட்டாய்?

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன், தையல்காரரிடம் ரவிக்கை வாங்க. காலையில் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். வெயில். பஸ்ஸுக்கு நிற்கும்போது காதுக்குள் ஓ என்று ஒரு சத்தம் வந்தது தெரியும், அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது. கண்ணைத் திறந்தால் தரையில் கிடக்கிறேன். சுற்றிலும் கால்கள். யாரோ முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள். புடவை விலகிக் கிடக்கிறது. இடது கை மரத்துப்போயிருந்தது. நான் அதன்மேல் விழுந்து கிடந்ததால் என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. முடிந்தது, இங்கேதான், இந்தப் பஸ் புகையில்தான் என்று நினைத்துவிட்டேன். என் போன் விழுந்து கண்ணாடி நொறுங்கிக் கறுப்பாகிக் கிடந்தது. பூ விற்கிற ஒரு பெண் தன் போனை நீட்டி, வீட்டு நம்பர் சொல்லுங்கக்கா என்றாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். மகன் நம்பர்கூடத் தெரியாது. அவர் நம்பரைச் சொன்னேன்.

அவர் குரல் வந்தது. "யாரு?"

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நான் உடைந்துவிட்டேன். குழாய் இல்லை, கதவு இல்லை, அத்தனை பேர் நடுவில், வாயைத் திறந்து அழுதேன். "என்னங்க, நான்தாங்க. என்னமோ ஆயிடுச்சுங்க. பயமா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க." அப்படியே சொன்னேன், ஒரு எழுத்து மாறவில்லை. பெயரைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. புருஷனிடம் நான் இன்னார் என்று யாராவது சொல்லிக்கொள்வார்களா?

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே இருந்தேன். அப்புறம், "போன தடவையே சொன்னேனேம்மா, என் பொண்டாட்டி அழமாட்டான்னு" என்றார். சிரித்துக்கொண்டே. எத்தனை இதமான குரல் தெரியுமா, என்னோடு அப்படிப் பேசியதே இல்லை. வைத்துவிட்டார். அது தெரியாமல் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். பூக்காரப் பெண்தான் என் காதிலிருந்து போனை எடுத்து, கட் ஆயிடுச்சுக்கா என்றாள். மறுபடியும் போட்டாள். போகவில்லை. அந்த நம்பரைத் தடுத்துவைத்துவிட்டார். இன்ஸ்பெக்டரம்மா கூட்டத்தில் சொல்லிக்கொடுத்தது அதுதான், உடனே தடுத்துவிட வேண்டும் என்று. நல்ல மாணவர்.

சோடா குடித்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்தேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இந்தா, மறுபடியும் போன் அடிச்சிட்டாங்க, தெரியுமா?" முகமெல்லாம் சந்தோஷம். நான் உள்ளே போனேன். பின்னாலேயே வந்து சொல்லிக்கொண்டே இருந்தார். உன் போன் ஏன் போகவே இல்லை என்றார், கீழே விழுந்து உடைந்துவிட்டது என்றேன். முகமெல்லாம் ஏன் வீங்கியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். வெயிலில் அலையாதே என்றால் கேட்கிறாயா என்றார். ஃபேனைப் போட்டுவிட்டு, உப்புப் போட்ட மோரைக் கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். யாருக்கு வேண்டும் மோர்?

போன வாரம் எங்கள் அன்பியக் கூட்டம் இந்த ஹாலில்தான் நடந்தது. தெருவில் இருக்கிற எங்கள் சர்ச் குடும்பங்கள் எல்லாம் மாற்றி மாற்றி ஒவ்வொரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். ஜெபம் முடிந்ததும், சார், அந்த ரெண்டாவது போன் என்று யாரோ எடுத்துக்கொடுத்துவிட்டார்கள். இவர் எழுந்து துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். இதோ, நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்று அழுது காட்டினார். என்னங்க, நான்தாங்க என்று. எங்கே மூக்கை உறிஞ்சினேன், எங்கே குரல் கீச்சென்று போனது, பயமா இருக்கு என்று சொல்லும்போது எந்த எழுத்தில் திக்கினேன், ஒன்றுகூட விடவில்லை. அத்தனை கவனமாகக் கேட்டிருக்கிறார் மனுஷன். பெலிசிட்டா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள், அவளுக்கும் தெரியவில்லை. நான் சுண்டல் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தட்டை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

வந்து கூட்டிட்டுப் போங்க என்கிற இடத்தில் அவர் துண்டை எடுத்துவிடுவார். அங்கேதான் போனை வைத்தார், அதற்குமேல் அவருக்குத் தெரியாது. கதை அங்கே முடிந்துவிடுகிறது, எல்லாரும் கைதட்டுவார்கள். ஆனால் நான் அங்கே முடிக்கவில்லை. சொன்னேனே, செத்துப்போன போனில் பேசிக்கொண்டே இருந்தேன் என்று. அதை அந்தப் பூக்காரப் பெண்ணும் பஸ்ஸுக்கு நின்றவர்களும்தான் கேட்டார்கள்.

இல்லை, உன்னிடம் சொல்ல மாட்டேன். இரு. எழுந்திருக்காதே. இன்னொரு நாள் வருகிறேன் என்கிற பேச்சே வேண்டாம், வந்த வேலையை முடித்துவிட்டுப் போ. இதை எழுதலாமா கூடாதா என்று இப்போதே யோசித்துக்கொண்டு முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே. அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அதோ, லிஃப்ட் கதவு. அவர்தான்.

வாங்க. இவங்க வந்து ரொம்ப நேரமாச்சு. காதோரமெல்லாம் டை இருக்கு, துடைச்சுக்கோங்க. இந்தாங்க துண்டு. இல்ல, போட்டோ அப்புறம் எடுக்கட்டும். முதல் போன் கதையெல்லாம் நான் சொல்லிட்டேன், நீங்க ரெண்டாவதுல இருந்து ஆரம்பிங்க. அந்தப் பொம்பளை அழுதாளே, அதை அழுது காட்டுங்க, இவங்க பார்க்கணுமாம். நான் எங்கேயும் போகல, இங்கேதான் உக்காந்திருக்கேன். நீங்க எந்த இடத்துல போனை வெச்சீங்களோ, அதுவரைக்கும் சொல்லுங்க. அங்கேருந்து நான் சொல்றேன்.